ரூ பெர்தொனே மாடியில் நார்தாம்ப்டன்

போன மாதம் நாதாலி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசையையும் சாவிக்கொத்தையும் வாங்கிக்கொண்டவள் அவள். இப்போது அவளே எங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் மூத்தவள்.

"முசியே அந்துவான், நாளைக்கு ஒரு வாய்மொழித் தேர்வு. மாணவர் போர்தோவில் இருக்கிறார். ஒரு பேராசிரியர் கனடாவில், இன்னொருவர் காய்ச்சலோடு வீட்டில். இங்கே அறையில் ஒரு திரையும் நானும்தான். பொதுமக்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்களே, நான் எந்தக் கதவைத் திறப்பது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் அந்த லா ஷப்பேல் கதையை எழுதிக் கொடுங்கள், இங்கே புதிதாக வந்திருப்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள் என்றாள். பிரெஞ்சில் எழுதினால் எனக்கு எல்லாமே அலுவலக அறிக்கை மாதிரி வந்துவிடும். அதனால் தமிழில் எழுதுகிறேன். என் மகள் மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும்.

என் வேலைக்குப் பிரெஞ்சில் அப்பாரித்தர் என்று பெயர். பல்கலைக்கழகத்தில் வகுப்புகளைத் திறப்பது, தேர்வு அறைகளை ஒழுங்கு செய்வது, பேராசிரியர்கள் வந்தால் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறப்பது, இவைதான் வேலை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளம், பட்டாளத்திலிருந்து அரசுத் தேர்வு, தேர்விலிருந்து பாரீசில் இந்தப் பல்கலைக்கழகம். அதற்குள் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நடந்தேன்.

சொல்ல வேண்டியது மதாம் லவேர்ன் பற்றி.

முனைவர் பட்ட அலுவலகத்துக்கு அவர்தான் தலைவி. ஒல்லியான உருவம், சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவரிடம் 'பியேன்' என்ற ஒரே சொல் உண்டு. நல்லது என்று அர்த்தம். அதை மூன்று விதமாகச் சொல்வார். சட்டென்று சொன்னால் உண்மையிலேயே நல்லது. இழுத்துச் சொன்னால், யோசிக்கிறேன், நீ போகாதே. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் நடக்காது என்று பொருள். புதிதாக வந்த பேராசிரியர்களுக்கு இது புரியாமல், மூன்றாவது பியேனைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை எப்படி நடத்த வேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். நடுவர் குழுவின் மேசை மேல் துணி விரிக்க வேண்டும், வெறும் மரம் தெரியக்கூடாது. தண்ணீர்க் கூஜா தலைவருக்கு வலது கைப்பக்கம். மாணவர் உட்காரும் நாற்காலி நடுவர்களின் நாற்காலியைவிடத் தாழ்ந்ததாக இருக்கக்கூடாது, "கேள்விக்குப் பதில் சொல்கிறவர் நிமிர்ந்து பார்த்துப் பேசக்கூடாது, நேராகப் பார்க்க வேண்டும்" என்பார். தேதியையும் இடத்தையும் வாசலில் ஒட்ட வேண்டும். நடுவர்கள் முடிவு பேசும்போது மாணவர் உட்பட எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோரும் எழுந்து நிற்க, தலைவர் முடிவைச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், கதவு. வாய்மொழித் தேர்வு என்பது பொது நிகழ்ச்சி. தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே வந்து உட்காரலாம். கதவு பூட்டியிருந்தால் அந்தத் தேர்வு செல்லாது. ஒரு முறை கைப்பிடி உடைந்து கதவு சிக்கிக்கொண்டது. தச்சர் வந்து கதவைக் கழற்றும் வரை மதாம் தேர்வைத் தொடங்க விடவில்லை. உள்ளே நான்கு பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து தச்சர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மங்கையற்கரசி.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திர ஆசிரியையாக இருந்தவர். உதவிச் சம்பளம் கிடைத்துப் பாரீசுக்குப் படிக்க வந்தார். வந்த பிறகு ஊரில் நிலைமை கெட்டுவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. உதவிச் சம்பளம் முடிந்ததும் பாரீசின் லா ஷப்பேல் பகுதியில், ரூ பெர்தொனே என்ற தெருவில், கனகரத்தினம் என்பவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கீழே மளிகைக் கடை, மேலே சின்ன உணவறை. அப்போது அந்தப் பக்கம் தமிழ்க் கடைகள் கொஞ்சம்தான். நான் குடியிருந்த கார்ஜ் லே கொனெஸ் புறநகரிலிருந்து வேலைக்கு வந்துபோகும் வழியில் நானே அங்கேதான் கத்தரிக்காய் வாங்குவேன். ஆனால் அவரை நான் முதலில் பார்த்தது கடையில் இல்லை, எங்கள் அலுவலகத்தில். கட்டிய ஆய்வேட்டுப் பிரதிகளைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார். மேல் அட்டையில் பெயரைப் படித்துவிட்டு நான் தமிழில் பேசினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரைச் சரியாக உச்சரித்த முதல் அரசு ஊழியர் நான்தானாம்.

ஆய்வுத் தலைப்பைப் பார்த்தேன். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, சில வருஷங்களிலேயே மூடப்பட்ட ஒரு பல்கலைக்கழகம்.

"இது எப்படிங்க உங்க தலையில வந்து விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்ரை வகுப்பிலை ஒரு பிள்ளை கேட்டவள், அண்ணை. இங்கிலாந்திலை அத்தனை நூற்றாண்டா ஒக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மட்டும்தானே மிஸ், மூண்டாவது ஒண்டு ஏன் வரேல்லை எண்டு. எனக்குப் பதில் தெரியேல்லை. அடுத்த கிழமை சொல்லுறன் எண்டு சொன்னன். அந்த அடுத்த கிழமை இன்னும் முடியேல்லை."

வாய்மொழித் தேர்வுக்கு நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வருஷம் எண்பத்தாறு. மூன்று நடுவர்கள். தலைவர் புரொஃபெசர் மர்ஷான், விதிமுறையை விட்டு ஒரு அங்குலமும் நகராதவர். இரண்டாவது, மங்கையை வழிநடத்திய பேராசிரியர், சாதுவான மனிதர். மூன்றாவது, இங்கிலாந்திலிருந்து வரவிருந்த டாக்டர் விட்கோம்ப் என்ற வயதான பெண்மணி. அந்த விஷயத்தில் அவர்தான் பெரிய ஆள். தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறி, அப்படியே ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போகிறார். கோடைக்கு முன்னால் திரும்ப மாட்டார். மங்கைக்கோ, லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தீர்மானிக்கும் குழு அடுத்த வாரம் கூடுகிறது. அதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அந்த வேலை கிடைத்தால்தான் நாட்டில் தங்கும் அனுமதியும் நீளும்.

அந்த வாரம் பார்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கை பற்றிய ஒரு சட்ட வரைவை எதிர்த்து நாடு முழுக்க நடந்தது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு முழுக்க நாற்காலிகளைக் குவித்து அடைத்துவிட்டார்கள். நிர்வாகம் வெளிக் கதவையும் மூடியது. மதாம் லவேர்னும் நானும் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு சின்ன அறையில், ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தோம்.

மதாம் வரிசையாகத் தொலைபேசி செய்தார். மற்றப் பல்கலைக்கழகங்களும் மூடித்தான் இருந்தன. நகரசபை மண்டபம் கிடைக்கவில்லை. ஒரு அருங்காட்சியகத்தில் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். புதன்கிழமை மதியம் அவர் தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மங்கை எதிரே உட்கார்ந்திருந்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம், லா ஷப்பேலில் ஒரு மாடி இருக்கிறது," என்றேன்.

"யாருடையது?"

"ஒரு உணவகம். இங்கிலாந்துப் பேராசிரியர் ரயில் ஏறும் ஸ்டேஷன் பக்கத்திலேயே."

மங்கை என்னைத் திகைத்துப் பார்த்தார். மதாம் "பியே...ன்" என்று இழுத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே எனக்குப் போதும்.

"தெருவைப் பார்த்துக் கதவு உண்டா?"

"உண்டு, மதாம்."

"யார் வேண்டுமானாலும் நுழையலாமா?"

"அதற்குத்தானே கடை, மதாம்."

"முடிவு பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேறு இடம்?"

"கீழே மளிகைக் கடை."

அவர் டீனுக்குத் தொலைபேசி செய்தார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் திரும்பி, டீன் அனுமதித்த இடம் எதுவோ அதுவே அன்றைக்குப் பல்கலைக்கழகம், ஆனால் மூடிய கட்டடத்தின் வாசலில் புது முகவரியை ஒட்ட வேண்டும் என்றார். நான் போய் ஒட்டிவிட்டு வந்தேன். வாசலில் இருந்த மாணவர்கள் குனிந்து படித்தார்கள்.

கடைக்காரரிடம் மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மங்கையும் நானும் போனோம். கனகரத்தினம் வெங்காய மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பல்கலைக்கழகமோ? இஞ்சையோ?" என்று கேட்டார். "மேலை இடியப்பத் தட்டெல்லாம் அடுக்கிக் கிடக்கு, அண்ணை."

"தட்டை நான் எறக்கி வைக்கறேங்க. ஒரு மத்தியானம் மட்டும் விட்டுக் குடுங்க."

"ரீச்சருக்கு வேலைக்கான விசயம் எண்டா நான் மாட்டன் எண்டு சொல்லுவனே? ஆனா வெள்ளிக்கிழமையில எங்கட கடையில மரக்கறிதான். வாற வெள்ளைக்காரருக்கு அது சரிப்படுமோ?"

அவர்கள் சாப்பிட வரவில்லை, கேள்வி கேட்க வருகிறார்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எதற்காக வந்தாலும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டேன். மேலே விரிக்கக் கனகரத்தினம் ஒரு துணி கொண்டுவந்தார். பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள் கரை. மதாம் அதைத் தொட்டுப் பார்த்துச் சட்டென்று "பியேன்" என்றார். சுவரில் பிள்ளையார் படமும் மாதா படமும் அருகருகே இருந்தன. கடைக்கு வருகிற இரண்டு தரப்பையும் நினைத்து மாட்டியிருந்தார் அவர். மதாம் அவற்றைப் பார்த்தார், நேராக மாட்டியிருக்கின்றனவா என்று மட்டும் சரிபார்த்தார். நாற்காலிகள் எல்லாம் ஒரே உயரம் என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

டாக்டர் விட்கோம்ப் முதலில் வந்தார். குண்டாக, சிவந்த முகத்தோடு, பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "இவ்வளவு மணம் வீசும் பல்கலைக்கழகத்துக்கு நான் வந்ததேயில்லை" என்றார். புரொஃபெசர் மர்ஷான் அப்படி இல்லை. கடைக் கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார். மதாமைப் பார்த்து, "டீனின் அனுமதி இருக்கிறதா?" என்றார். இருக்கிறது. "வாசல் திறந்திருக்குமா?" இருக்கும். பிறகு கோட்டின் ஓரம் வெங்காயத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

மங்கை நீலச் சேலை கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் கூஜாவை வைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் மாணவர்கள். முப்பது, நாற்பது பேர், கொடியும் பதாகையுமாக, தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கீழே கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் இறங்கி ஓடினேன். கனகரத்தினம் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தொறங்க. கதவு மூடினா தேர்வு செல்லாது."

"உந்தப் பெடியளைப் பாருங்கோ. தடியோடை வருகினம். கண்ணாடி போன கிழமைதான் போட்டது. உடைச்சா நான் என்ன செய்யிறது?"

"அது கொடிக் கம்புங்க."

"கம்பாலை கண்ணாடி உடையாதே?"

கடை அவருடையது. ஒரு வருஷமாக ஓடி ஓடி ஏற்படுத்திய கடை. தாழ்ப்பாளில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே புரொஃபெசர் மர்ஷான் இருமுவது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கீழே வந்து பார்த்தால் எல்லாம் முடிந்தது.

"நான் பலவந்தம் பண்ணலைங்க," என்றேன். "ஆனா மூடுன கதவுக்குப் பின்னால அந்தம்மா சொல்றது எதுவும் கணக்குல வராது. அவங்க இத்தனை வருஷம் படிச்சது வீணாப் போயிடும்."

கனகரத்தினம் கண்ணாடியைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். பிறகு திரும்பி, அவரே தாழ்ப்பாளை நீக்கி, கதவை விரியத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்து முட்டுக் கொடுத்தார். "என்ன வந்தாலும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் வாசலில் நின்றேன். மாணவர்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். குட்டை முடி, சிவப்புக் கழுத்துத்துணி. மூன்றாம் வருட மாணவி, என்னைத் தெரியும் அவளுக்கு.

"முசியே அந்துவான், வேலைநிறுத்தம் நடக்கும்போது இது என்ன? பல்கலைக்கழகத்தை மூடிவிட்டோம். நீங்கள் கொல்லைப்புறமாகத் திறக்கிறீர்கள். இது எங்கள் போராட்டத்தை உடைப்பது."

"கொல்லைப்புறம் இல்லை, மத்மசேல். தெருவைப் பார்த்த கதவு. முகவரியையும் உங்கள் கண் முன்னால்தான் ஒட்டினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்போது மங்கை படியிறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தேர்வுக்கு வந்திருப்பவள் நான்தான்," என்றார் பிரெஞ்சில். "உங்களுக்கு என் மேல் கோபம் என்றால் என்னிடமே கேளுங்கள்."

"எதைப் பற்றிய ஆய்வு?"

"மூடப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி."

அவர்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது. மங்கை வாசற்படியில் நின்றபடியே சொன்னார். கேம்பிரிட்ஜில் சண்டை வந்து சில ஆசிரியர்களும் மாணவர்களும் நார்தாம்ப்டனுக்குப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். மூன்றாம் ஹென்றி அரசனே அனுமதி கொடுத்தான். ஒக்ஸ்ஃபோர்டிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். பிறகு பிரபுக்கள் அரசனுக்கு எதிராக எழுந்தார்கள். பிரபுக்களின் கையில் இருந்த அந்த ஊரை அரசனுடைய படை முற்றுகையிட்டபோது, மாணவர்கள் தங்களுக்கென்று தனிக் கொடி பிடித்து, வில்லும் கவணும் எடுத்து, மதிலில் நின்று சண்டை போட்டார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

"தனிக் கொடியா?" என்றான் கம்பு பிடித்திருந்தவன்.

"ஓம், தனிக் கொடி," என்றார் மங்கை, பாதி தமிழில். "மிச்சத்தை மேலே சொல்லப்போகிறேன். வந்து கேட்கலாம். கேட்டுவிட்டு நான் உங்கள் போராட்டத்தை உடைக்கிறேன் என்று தோன்றினால் அப்போது சொல்லுங்கள்."

பிரெஞ்சு மாணவர்கள் எதையும் ஓட்டெடுக்காமல் செய்ய மாட்டார்கள். ரூ பெர்தொனே நடைபாதையிலேயே பொதுக்குழு கூடியது. எதிர்க்கடை நகைக்காரர் வெளியே வந்து பார்த்தார். காய்கறிப் பையோடு நின்ற இரண்டு தமிழ்ப் பெண்களும் என்ன ஏது என்று தெரியாமல் கையைத் தூக்கிவிட்டார்கள். எதிர்த்து ஒரு சில கைகள்தான். தீர்மானம் நிறைவேறியது. நிபந்தனை ஒன்று, எல்லோரையும் உள்ளே விட வேண்டும்.

மேல்படியில் நின்றிருந்த மதாம் லவேர்ன் சட்டென்று சொன்னார்: "பியேன். பொதுமக்கள் என்றால் பொதுமக்கள்தான்."

கொடியை அரிசி மூட்டையில் சாய்த்துவிட்டு அவர்கள் மேலே ஏறினார்கள். நாற்காலி போதவில்லை. தரையிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். சாப்பிட வந்த இரண்டு பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். புரொஃபெசர் மர்ஷான் தன் பணிக்காலத்தில் இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தேர்வைத் தொடங்கி வைத்தார்.

மங்கை முதலில் சுருக்கமாக ஆய்வை எடுத்துச் சொன்னார். கொடி, கவண் என்று வந்ததும் மாணவர்கள் கைதட்டினார்கள். தலைவர் கையை உயர்த்தி, "இங்கே கைதட்ட அனுமதி இல்லை. இன்னொரு முறை தட்டினால் அறையைக் காலி செய்வேன்" என்றார். அமைதியானார்கள்.

பிறகு கேள்விகள். தலைவர்தான் மங்கையிடம் அந்த முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"மதாம், ஆயிரத்து இருநூற்று அறுபத்தைந்தில் அரசன் பெயரில் வந்த ஆணை அந்தப் பல்கலைக்கழகத்தை மூடியது. தன்னை எதிர்த்துச் சண்டை போட்ட மாணவர்களை அரசன் பழிவாங்கினான் என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள். நீங்கள் அதை மறுக்கிறீர்கள். ஏன்?"

மங்கை தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களை ஒரு பார்வை பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. அரசன் பழிவாங்கினான் என்று சொல்லிவிட்டால் அந்த அறையே அவர் பக்கம். இப்போது சொல்லப்போவது அவர்களுக்குப் பிடிக்கப்போவதில்லை. கீழே கண்ணாடி புதிது.

"அந்த ஆணை வந்த நாளில் அரசன் சுதந்திரமாக இல்லை," என்றார். "அதற்கு முந்தின வருஷம் நடந்த போரில் தோற்று, பிரபுக்களின் கையில் இருந்தான். அரசன் பெயரில் போன ஆணைகளைப் போட்டவர்கள் அவர்கள். அதாவது, மாணவர்கள் யாருக்காகக் கொடி பிடித்தார்களோ அவர்கள் ஆட்சியில்தான் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. ஆணையிலேயே காரணம் இருக்கிறது. நார்தாம்ப்டன் நிலைத்தால் ஒக்ஸ்ஃபோர்ட் கெட்டுப்போகும் என்று ஆயர்கள் சொன்னார்களாம். இது பழி இல்லை. பெரிய பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றச் சின்னதை மூடினார்கள்."

சிவப்புத் துணிப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டாள். கம்பு பிடித்திருந்தவன் தரையைப் பார்த்தான். யாரும் எழுந்து போகவில்லை.

டாக்டர் விட்கோம்ப் முன்னால் சாய்ந்தார். "நான் பழிவாங்கிய கதையைத்தான் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தி வருகிறேன். அதைக் காப்பாற்றத்தான் வந்தேன். சொல்லுங்கள், ஒக்ஸ்ஃபோர்ட் தானாகவே போய்க் கேட்டுக்கொண்டதற்கு ஆதாரம் உண்டா?"

"இல்லை," என்றார் மங்கை. "தேடினேன். கிடைக்கவில்லை. ஆயர்கள் சொன்னார்கள் என்பது வரைதான் என்னால் காட்ட முடியும். அதற்கு மேல் சொன்னால் அது என் ஊகம்."

"ஊகத்தைச் சொல்லுங்கள்."

"யாருமே போய்க் கேட்டிருக்கத் தேவையில்லை. ஆயர்களில் பலர் ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள்."

டாக்டர் விட்கோம்ப் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் மாணவர்களும் சிரித்தார்கள். தலைவர் கையை உயர்த்தவில்லை. சிரிப்பதற்குத் தடை என்று விதியில் இல்லை போலும்.

முடிவு பேசும் நேரம் வந்ததும் எல்லோரையும் கீழே இறக்கினேன். அங்கே கனகரத்தினம் தயாராக இருந்தார். வடை, மரக்கறி ரோல்ஸ், தேத்தண்ணி. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையில் கொடுத்தார். சற்று முன் அவர் பயந்த மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சிவப்புத் துணிப் பெண் மங்கையிடம் வந்தாள்.

"வாசலில் இதை நீங்கள் சொல்லவில்லையே?"

"வாசலில் நீங்கள் கேட்டது கொடியைப் பற்றி. மிச்சத்துக்குத்தான் மேலே வரச் சொன்னேன்."

"எங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்தானே?"

"தெரியும். பயமாகவும் இருந்தது."

அந்தப் பெண் ரோல்ஸை ஒரு கடி கடித்து மென்றாள். பிறகு, "அந்தப் பிரபுக்களை நம்பியிருக்கவே கூடாது" என்றாள், நேற்று நடந்தது மாதிரி. அப்புறம் இரண்டு பேரும் பருப்பு டின்களுக்குப் பக்கத்தில் நின்று வெகு நேரம் வாதாடினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது சண்டை இல்லை என்பது தெரிந்தது.

மேலிருந்து மதாம் என்னை அழைத்தார். நடுவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். டாக்டர் விட்கோம்பின் ரயிலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. கீழே இருக்கிற கூட்டத்தைத் திரும்ப மேலே ஏற்ற நேரமில்லை. மதாம் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "பொதுமக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே நாம் போவோம்" என்றார். விதிமுறையை மீறாமல் வளைக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் முன்னால் இறங்கி, வழக்கமாகச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன்: "நடுவர் குழு வருகிறது."

எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். முட்டைக்கோசை எடை போடக் கொடுத்திருந்த பெண்மணி அதைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். புரொஃபெசர் மர்ஷான் மிளகாய்த்தூள் அடுக்குக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, பெரிய மண்டபத்தில் சொல்வது போலவே சொன்னார். முனைவர் பட்டம் வழங்கப்படுகிறது, மிகச் சிறப்பான தகுதியோடு, நடுவர்கள் ஒருமனதாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போது கைதட்டலாம்" என்றார்.

தட்டினார்கள். கண்ணாடி அதிர்ந்தது, உடையவில்லை. மங்கை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மதாம் அவருக்குக் கை கொடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் அவரோடு வேலை செய்த காலம் முழுக்க அவர் யாரையும் முத்தமிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கனகரத்தினம் என் சட்டையை இழுத்தார். "என்னவாம், அண்ணை?"

"அவங்க இனிமே டாக்டர்."

"சந்தோசம்." சற்று நின்று, "அப்ப நாளைக்குக் கடைக்கு வரமாட்டாவோ?"

மங்கைக்கு அது கேட்டுவிட்டது. "வருவன், அண்ணை. சனிக்கிழமை. சனம் கூடுதலா வரும்."

டாக்டர் விட்கோம்பின் பெட்டியை இரண்டு மாணவர்கள் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கையில் கனகரத்தினம் கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலம். லீல் குழு அடுத்த வாரம் கூடியது, மங்கைக்கு வேலை கிடைத்தது. அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே பேராசிரியராகி ஓய்வு பெற்றார். யாழ்ப்பாணத்தில் கேள்வி கேட்ட அந்தப் பழைய மாணவிக்கு, அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பிடித்துப் பதில் எழுதிப் போட்டதாகச் சொன்னார். அந்த மாணவி கனடாவில் பல் மருத்துவராம்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நான் என் மனைவியோடு கடைக்குப் போனேன். சொன்னபடியே மங்கை தராசுக்குப் பின்னால் நின்றார். கனகரத்தினம் வருகிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி, "எங்கட ரீச்சர் நேற்று டாக்குத்தர் ஆயிட்டா, தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓல்னே-சூ-புவா புறநகரிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு வயதான அம்மா அதைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு மங்கையிடம் போய்த் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். குளிர் வந்தால் வருத்தம் கூடுது, படி ஏற ஏலாது, இரவில் நித்திரை இல்லை. மங்கை இடையில் மறிக்காமல் முழுக்கக் கேட்டார்.

"அம்மா, நான் சரித்திர டாக்குத்தர். பழைய காலத்து விசயங்கள்தான் எனக்குத் தெரியும்."

"பறவாயில்லைப் பிள்ளை," என்றார் அந்த அம்மா. "இதுவும் பழைய வருத்தந்தான்."